பதினாறு மாவுப் பாக்கெட்டும் மூன்று தீர்ப்பும்

மேற்கு மாம்பலத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பாக்கெட்டின் மேல் ‘நிகர எடை 1 கிலோ’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எடை குறைகிறது என்று பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நெடுநாளாக முணுமுணுப்பு. என்னிடம் முதலாண்டுப் புள்ளியியல் தாளுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவி ஒருத்தி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவள். மின்விளக்கின் ஆயுள், போல்ட்டின் விட்டம் என்று பாடநூல் கொடுக்கும் சலித்துப்போன கணக்குகளை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள். எடுத்துக்கொண்டோம்.

பதினாறு பாக்கெட் வாங்கி எடை போட்டதும் மூன்று மாணவர்கள் தனித்தனியே விடை எழுதினார்கள். ஒருவர் கடைக்காரர் எடை குறைக்கிறார் என்றார். இன்னொருவர் அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்றார். மூன்றாமவர் குறைக்கிறார்தான் என்றார், ஆனால் காரணம் வேறு. மூன்று தாள்களிலும் கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

முதலில் தரவு. கிராமில், ஏறுவரிசையில்: 970, 974, 980, 981, 983, 986, 988, 990, 994, 996, 1000, 1002, 1004, 1009, 1012, 1019. கூட்டினால் 15,888. சராசரி 993. சராசரியிலிருந்து ஒவ்வொரு எடையும் விலகும் விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 2,940. அதை 15-ஆல், அதாவது பாக்கெட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, வகுத்தால் 196. அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 14 கிராம். மாதிரிச் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழை, 14-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3.5. பயிற்சிக்கு இதைவிட வாகான எண்கள் அமையாது.

இந்த எண்கள் கிடைத்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல் இதைச் சொல்வதே இல்லை. முதல் தடவை பாக்கெட்டை அப்படியே தராசில் வைத்து எழுதிவிட்டார்கள். பிளாஸ்டிக் கவரும் அதன் வாயைக் கட்டிய ரப்பரும் சேர்ந்து 6 கிராம். அச்சிட்டிருப்பதோ நிகர எடை. அந்த 6 கிராமைக் கழிக்காமல் விட்டிருந்தால் சராசரி 999 ஆகியிருக்கும். குறை வெறும் ஒரு கிராம், அதாவது திட்டப் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைக்காரர் மேல் எந்தச் சோதனையும் விரல் நீட்டியிருக்காது. கீழே வரப்போகும் அட்டவணைச் சண்டைகள் அத்தனையையும்விட ஒரு பிளாஸ்டிக் கவருக்கு இங்கே கனம் அதிகம்.

தராசையும் சும்மா நம்பவில்லை. மளிகைக் கடையிலிருந்து முத்திரையிட்ட 1 கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம், 1000 காட்டியது. சென்னை வெயிலில் மாவு புளித்துப் பாக்கெட் உப்பிக்கொள்ளும். உப்பிய பாக்கெட்டில் மாவு அதிகம் என்று ஒரு மாணவர் நம்பினார். புளிப்பில் பெருகுவது கொள்ளளவு, எடை அல்ல. வெளியேறும் வாயுவால் எடை துளி குறையலாம், அதிகரிக்காது.

இனி மூன்று தாள்கள்.

முதல் தாள் வணிகவியல் மாணவருடையது. இன்மைக் கருதுகோள், அதாவது சோதிப்பதற்காக முதலில் உண்மை என்று வைத்துக்கொள்ளும் அனுமானம்: சராசரி 1000 கிராம். மாற்றுக் கருதுகோள்: சராசரி 1000 அல்ல. 993-இலிருந்து 1000-ஐக் கழித்து 3.5-ஆல் வகுத்தார், விடை −2.00. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 5 சதவீத மட்டத்துக்கு, அதாவது உண்மையான அனுமானத்தைத் தவறாக நிராகரிக்க 5 சதவீத வாய்ப்பே விடும் மட்டத்துக்கு, எல்லை 1.96. இரண்டு என்பது 1.96-ஐவிடப் பெரிது. இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. கீழே இரட்டைக் கோடு.

இரண்டாம் தாள் உளவியல் மாணவியுடையது. அதே கருதுகோள்கள், அதே −2.00. ஆனால் அவள் பார்த்தது சின்ன மாதிரிகளுக்கான டி அட்டவணை. கட்டின்மை எண் (பாக்கெட் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 15-க்கு இருமுனை எல்லை, அதாவது கூடுதல், குறைவு இரண்டு பக்கமும் பார்க்கும் எல்லை, 2.131. இரண்டு அதைத் தாண்டவில்லை. நிராகரிக்க முடியாது.

இந்த இருவருக்கும் இடையில் நிற்பது ஒரு மதுபான ஆலை. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கோசெட்டுக்குக் கிடைத்தவை எல்லாம் சின்னச் சின்ன மாதிரிகள். முழுமைத் தொகுதியின், அதாவது மாதிரி எடுக்கப்படும் மொத்தக் கூட்டத்தின், திட்ட விலக்கம் தெரியாதபோது, கைக்குக் கிடைத்த நாலைந்து அளவுகளிலிருந்தே அதையும் மதிப்பிட்டுக்கொண்டு, பிறகு இயல்நிலை அட்டவணையைப் புரட்டினால் நாம் இருப்பதைவிட அதிக உறுதியோடு பேசிவிடுகிறோம் என்று அவர் கண்டார். ‘மாணவர்’ என்ற புனைபெயரில் 1908-இல் பயோமெட்ரிக்கா இதழில் அதை வெளியிட்டார். நம் 14 கிராமும் அப்படி மதிப்பிட்டதுதான். வேறு பதினாறு பாக்கெட் வாங்கியிருந்தால் 11 வந்திருக்கலாம், 17 வந்திருக்கலாம். அந்த நிச்சயமின்மைக்கு நாம் கொடுக்கும் விலைதான் 1.96 ஏறி 2.131 ஆவது. ஆகவே முதல் தாள் தவறு. பெரிய தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தவறுதான். மாதிரி 30-ஐத் தாண்டினால் எந்த அட்டவணையும் சரி என்று நம் வகுப்புகளில் சொல்லிச் சொல்லி, தாண்டாதபோதும் கை பழகிய அட்டவணைக்கே போகிறது.

மூன்றாம் தாள், புகாரைக் கொண்டுவந்த மாணவியே எழுதியது. டி அட்டவணைதான், ஆனால் ஒருமுனைச் சோதனை. மாற்றுக் கருதுகோள்: சராசரி 1000-ஐவிடக் குறைவு. எல்லை −1.753. நம் −2.00 அதற்கு அப்பால் போய்விட்டது. நிராகரிப்பு.

வகுப்பில் கூச்சல் கிளம்பியது இங்கேதான். “விடை வந்த பிறகு எல்லையைக் கிட்டே நகர்த்திக்கொண்டாள், மேடம்” என்றார் வணிகவியல் மாணவர். நியாயமான சந்தேகம். −2.00 என்பதைப் பார்த்துவிட்டு, இருமுனையில் தேறாது என்று தெரிந்து, ஒருமுனைக்குத் தாவினால் அது சோதனையே அல்ல. 5 சதவீதம் என்று எழுதிக்கொள்ளும் மட்டம் உண்மையில் 10 சதவீதமாகிவிடும். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். பாக்கெட் வாங்கப் போவதற்கு முன்னால் எழுதிய பக்கத்தில் இரண்டு கருதுகோள்களும் இருந்தன. குடியிருப்பின் புகார் ‘குறைகிறது’ என்பதுதான், ‘மாறுகிறது’ என்பதல்ல. கூடுதலாக ஊற்றினால் யாரும் புகார் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருமுனைச் சோதனை பொருந்தும். மற்ற இருவரின் நோட்டிலும் கருதுகோள்கள் எடைப் பட்டியலுக்குக் கீழேதான் இருந்தன.

நான் ஒன்றுதான் கேட்டேன்: “சராசரி 1007 வந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய்?” “புகாருக்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருப்பேன், அதோடு நிறுத்தியிருப்பேன்” என்றாள். இந்தப் பதிலைக் கூசாமல் சொல்ல முடிகிறவருக்கே ஒருமுனைச் சோதனை செய்ய உரிமை உண்டு. அவளுக்கு முழு மதிப்பெண். இரண்டாம் தாளுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். உளவியல் மாணவி கேட்ட கேள்விக்கு அவள் எழுதியது சரியான பதில். ஒரே தரவு, இரண்டு சரியான தீர்ப்புகள், இரண்டும் எதிரெதிர். மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காததும் நல்லதே.

பி-மதிப்பில் எல்லோரும் ஒன்றாகச் சறுக்கினார்கள். இருமுனைக்கு அது 0.064, ஒருமுனைக்கு 0.032. ‘கடைக்காரர் நேர்மையானவர் என்பதற்கான நிகழ்தகவு 3.2 சதவீதம்’ என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த எண் சொல்வது வேறு. கடையின் சராசரி உண்மையிலேயே 1000 என்று வைத்துக்கொண்டால், பதினாறு பாக்கெட்டில் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ குறை தென்பட 3.2 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நேர்மை என்பது அந்தக் கணக்கில் அனுமானமாக உள்ளே போனது. விடையாக வெளியே வராது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு குறித்து வெளியிட்ட அறிக்கையிலும் இந்தக் குழப்பத்தைப் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே மாம்பலத்து மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

சொல்லிப் புரியவைப்பதைவிட எண்ணிக் காட்டுவது எளிது. நூறு மாவுக் கடைகள் என்று கற்பனை செய்துகொள்வோம். தொண்ணூறு கடை சரியாக ஊற்றுகிறது. பத்துக் கடை சராசரியாக 7 கிராம் குறைக்கிறது. எல்லாக் கடையிலும் பரவல், அதாவது திட்ட விலக்கம், 14 கிராம். ஒவ்வொன்றிலும் பதினாறு பாக்கெட் வாங்கி, 5 சதவீத மட்டத்தில் ஒருமுனைச் சோதனை செய்கிறோம். நேர்மையான தொண்ணூறில் 5 சதவீதம், அதாவது நான்கைந்து கடை, வீணாக மாட்டிக்கொள்ளும். குறைக்கிற பத்தில் எத்தனை பிடிபடும்? பரவலில் பாதியளவு குறையை இந்தச் சோதனை சுமார் 60 சதவீத நேரம்தான் பிடிக்கிறது. ஆக ஆறு கடை. மொத்தம் பத்துப் பதினோரு கடை மேல் முத்திரை விழும். அவற்றில் ஏறத்தாழ 43 சதவீதம் ஒரு தப்பும் செய்யாதவை. நாம் வைத்ததோ 5 சதவீத மட்டம்! கரும்பலகையில் இது வந்தபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. நேர்மையான கடை எத்தனை என்ற எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நிபந்தனை நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பிடிபடாத நான்கு கடைகளையும் மறக்கக்கூடாது. நிராகரிக்க முடியவில்லை என்பதை ‘கடை சரி’ என்று வாசிப்பவர்கள் அந்த நான்குக்கும் நற்சான்று கொடுக்கிறார்கள். நிரபராதியைத் தண்டிப்பதும் குற்றவாளியை விடுவதும் இரண்டு தனித்தனிப் பிழைகள் என்று பிரித்து வைத்தவர்கள் புள்ளியியலாளர்களான நேமனும் ஈகான் பியர்சனும். 5 சதவீதத்தை வசதியான எல்லையாக ஊன்றியவர் இன்னொரு புள்ளியியலாளரான ஃபிஷர், 1925-இல். பி-மதிப்பை ஆதாரத்தின் அளவாகப் பார்த்தவர் ஃபிஷர், தீர்மானத்தின் விதியாகச் சோதனையைப் பார்த்தவர்கள் மற்ற இருவர். இவர்கள் வாழ்நாளெல்லாம் ஒத்துப்போகவில்லை. பாடநூல்காரர்கள்தான் இரண்டையும் ஒட்டி ஒரே அத்தியாயமாக்கிவிட்டார்கள். மாணவர் குழம்புவதில் வியப்பில்லை.

சின்னதாக இன்னொரு கணக்கு. ‘பதினாறில் பத்து பாக்கெட் எடை குறைவு, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்’ என்று குடியிருப்பில் ஒரு பெரியவர் கேட்டாராம். சரியாக 1000 வந்த ஒன்றை ஒதுக்கினால் பதினைந்தில் பத்து. நாணயத்தைப் பதினைந்து முறை சுண்டினால் பத்தோ அதற்கு மேலோ தலை விழ வாய்ப்பு 32,768-இல் 4,944, அதாவது 15 சதவீதம். ஏழு தடவைக்கு ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும் சங்கதி. எத்தனை கிராம் குறைந்தது என்பதை விட்டுவிட்டுக் குறைந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஆதாரத்தில் ஒரு நல்ல பங்கு கரைந்துவிடுகிறது.

இனி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் வீச்சு. சராசரியோடு 2.131 மடங்கு 3.5-ஐக் கூட்டியும் கழித்தும் எழுதினால் 985.5 முதல் 1000.5 கிராம் வரை. தேர்வில் இதைக் கடைசிக் கேள்வியாகக் கேட்பார்கள். நான் முதலில் எழுதச் சொல்கிறேன். இரண்டாம் தாளின் தீர்ப்பு இதற்குள்ளேயே இருக்கிறது: 1000 உள்ளே அடங்குகிறது, ஆகவே இருமுனையில் நிராகரிப்பு இல்லை. ஆனால் தீர்ப்பு சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது. கடையின் சராசரி 14 கிராம் குறைவாகவும் இருக்கலாம், ஒன்றும் குறையாமலும் இருக்கலாம் என்று இந்தத் தரவு சொல்கிறது. 1000 ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; நடுவில் அல்ல. ‘ஆதாரம் இல்லை’ என்ற இரண்டு சொல்லைப் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

‘உண்மைச் சராசரி இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்ற வாக்கியத்தை அடித்தேன். நேமன் 1937-இல் இதை வகுத்தபோது 95 சதவீதம் என்பதை முறைக்கே கொடுத்தார். கையில் இருக்கும் ஓர் இடைவெளிக்கு அல்ல. இதே முறையில் பலரும் பல மாதிரிகளிலிருந்து இடைவெளி கட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையைப் பிடிக்கும். வகுப்பில் இருபது பேர் தனித்தனி மாதிரியிலிருந்து கட்டினால் இருபதும் பிடிக்க வாய்ப்பு 0.95-இன் இருபதாம் அடுக்கு, 36 சதவீதம் மட்டுமே. யாராவது ஒருவர் தவறவிடுவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. யார் என்று அவருக்கே தெரியாது.

இடைவெளி அகலமாக இருக்கிறது, பாதியாக்க என்ன செய்வது? மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்: அறுபத்து நான்கு பாக்கெட். அத்தனை மாவை யார் தின்பது என்று கேட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரரைக் கேட்கப்போய்த்தான் விஷயம் அவர் காதுக்கே எட்டியது.

அவர் கோபப்படவில்லை. அகப்பையால் அள்ளிக் கவரில் ஊற்றிக் காட்டினார். இரண்டு அகப்பை, அதற்கு மேல் கண் மதிப்பில் ஒரு சொட்டு. தராசு பக்கத்தில்தான் இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் ஒன்றிரண்டை வைத்துப் பார்ப்பார். காலையில் அவர் ஊற்றுகிறார், மாலையில் கடைப் பையன். இதைக் கேட்டதும் மூன்று தாள்களின் கீழும் நான் ஒரே குறிப்பை எழுதினேன்: பதினாறு பாக்கெட்டும் ஒரே காலையில், ஒரே வாளியிலிருந்து, ஒரே கையால் நிரப்பப்பட்டவை. நம் முடிவு அந்தக் காலைக்கு மட்டும் பொருந்தும். ‘கடை’ என்ற முழுமைத் தொகுதியைப் பற்றி நாம் ஒன்றும் அளக்கவில்லை. சமவாய்ப்பு மாதிரி என்று விடைத்தாளில் எழுதிவிட்டால் அது சமவாய்ப்பு மாதிரி ஆகிவிடாது.

கடைக்காரர் கேட்ட கேள்வி வேறு: “சராசரி இருக்கட்டும் அம்மா, ஒருவர் கையில் போகிற பாக்கெட் எவ்வளவு குறையலாம்?” இதற்குச் சட்டத்தில் எண் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளில் 500 முதல் 1000 கிராம் வரையிலான பொட்டலத்துக்குத் தனிப்பட்ட முறையில் பொறுத்துக்கொள்ளும் பிழை 15 கிராம். சராசரியோ அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. நம் பட்டியலில் 985-க்குக் கீழே ஐந்து பாக்கெட்: 970, 974, 980, 981, 983.

மாணவர்கள் இதுவரை தொடாத இடம் இது. சராசரியின் இடைவெளி 985.5-இல் தொடங்குகிறது என்பதால் பாக்கெட்டுகளும் அங்கேதான் தொடங்கும் என்று இருவர் நினைத்திருந்தார்கள். அடுத்து வாங்கப்போகும் ஒற்றைப் பாக்கெட்டுக்கு அதே 95 சதவீத உறுதியோடு எல்லை கட்டினால் 962 முதல் 1024 வரை விரிகிறது. மாதிரியைப் பெருக்கினால் சராசரியின் இடைவெளி சுருங்கும், இது பெரிதாகச் சுருங்காது. அகப்பை பிடிக்கும் கையின் ஆட்டம் அறுபத்து நான்கு பாக்கெட் வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும். இன்னும் பார்த்தால், கடையின் சராசரி துல்லியமாக 1000 என்றே வைத்துக்கொண்டாலும், 14 கிராம் பரவலில் ஏழில் ஒரு பாக்கெட் 985-க்குக் கீழே போய்விடுகிறது. குடியிருப்பின் முணுமுணுப்புக்கு ஏமாற்று எதுவும் தேவையில்லை. இந்தப் பரவலே போதும். மூன்று தீர்ப்புகளும் சராசரியைச் சுற்றியே அடித்துக்கொண்டன.

கடைசியில் அவருக்காகப் போட்ட கணக்கு இது. நாற்பதில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் 985-க்குக் கீழே போகக் கூடாது என்றால், இப்போதைய பரவலில் அவர் சராசரியாக 985-உடன் 1.96 மடங்கு 14-ஐச் சேர்த்து, 1012 கிராமுக்குமேல் ஊற்ற வேண்டும். நாளுக்கு 200 பாக்கெட் என்று கொண்டால் இரண்டரைக் கிலோ மாவு இலவசமாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டையும் தராசில் வைத்தே நிரப்பிப் பரவலை 7 கிராமாகக் குறைத்துக்கொண்டால், சட்டம் கேட்கும் சராசரி 1000-ஐ ஊற்றினாலே போதும். பாக்கெட்டுக்குச் சில நொடி கூடுதலாகும், காலை ஏழு மணிக் கூட்டத்தில் அது முடியுமா என்று யோசித்தார். “பையனிடம் முதலில் செய்யச் சொல்கிறேன், மாலையில் கூட்டம் குறைவு” என்றார். மாலைப் பாக்கெட்டுகளை எடை போட உளவியல் மாணவி பெயர் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை கருதுகோள்களை முதலில் எழுதி, தேதி போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள்: இருமுனைச் சோதனை, சராசரிக்கு ஒன்று, பரவலுக்கு ஒன்று.